ஆளைக் கொண்டுபோன இரவிலிருந்து: யாழ்ப்பாணத்தில் ஒரு மக்கள் உரிமைக் குழு செய்யவேண்டிய வேலை

இப்படியான அழைப்புகள் பெரும்பாலும் இரவில்தான் வரும். மறுபக்கத்தில் ஒரு தாய். “தம்பி, இவனைக் கொண்டுபோட்டாங்கள்.” யார் கொண்டுபோனது என்று கேட்டால் தெரியாது. சிவில் உடுப்பு, ஒரு வான், பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள். எங்கே என்று கேட்டால் அதுவும் தெரியாது. அழுகைக்கு நடுவில் இவ்வளவுதான் கிடைக்கும்.

அந்த நேரத்தில் ஆறுதல் சொல்ல அயலட்டை முழுக்க வந்து நிற்கும். மணி எத்தனை என்று குறித்துவைக்க மட்டும் ஆள் இருக்காது. மக்கள் உரிமைக் குழு என்று ஒன்று தேவைப்படுவது அங்கேதான். பல வருடமாக இப்படியொரு சிறு குழுவில் எழுத்துவேலை பார்த்துவருகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் நான் பார்த்தவரை, நீதிபதி முன்னால் தோற்கும் வழக்குகள் குறைவு. முதல் மூன்று நாளில் யாரும் எதையும் எழுதிவைக்காததால் வாசல்படியே ஏறாமல் போகும் வழக்குகள்தான் அதிகம். எனவே கீழே வருவதில் பாதி கொப்பியும் பேனையும் பற்றியது. சட்டம் தேவையான இடத்தில் வரும்.

குழுவுக்கு யார் வேண்டும்

யாழ்ப்பாணத்துக்கு இது புதிய வேலை இல்லை. எண்பதுகளில் ஊருக்கு ஊர் பிரஜைகள் குழுக்கள் இருந்தன. ஓய்வுபெற்ற அதிபர்களும் பாதிரியார்களும் முகாம் வாசலில் பெயர்ப்பட்டியலோடு போய் நின்றார்கள். 1988இல் யாழ் பல்கலைக்கழகத்துக்குள் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு உருவானது. இராணுவம், இந்தியப்படை, இயக்கங்கள் என்று எந்தப் பக்கத்தையும் விடாமல் பதிவுசெய்தார்கள். அதில் முன்னின்ற டொக்டர் ராஜனி திரணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆபத்து இல்லாத வேலை என்று நான் சொன்னால் அது பொய்.

ஐந்து பேர் போதும். கையெழுத்துத் தெளிவான ஒருவர். எங்கள் குழுவில் அது ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர். சிங்களம் பேசவும் வாசிக்கவும் தெரிந்த ஒருவர். இவர் இல்லாமல் குழு தொடங்கவே வேண்டாம். இரவிலும் கிளம்பக்கூடிய, மோட்டார் சைக்கிள் உள்ள ஒருவர். கட்டாயம் ஒரு பெண், இரண்டு பேர் என்றால் இன்னும் நல்லது. ஐந்தாவது ஆள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவர், எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்காதவர். ஐந்தாவது ஆளைத் தேடுவதுதான் கஷ்டம்.

அதோடு மூன்று சட்டத்தரணிகளின் தொலைபேசி எண்கள். ஒருவர் போதாது. அவர் அன்றைக்குக் கொழும்பில் நிற்பார். காசு இல்லாத குடும்பத்துக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் உண்டு.

முதல் மணித்தியாலம்

அழைப்பு வந்ததும் எழுதவேண்டியவை: கொண்டுபோகப்பட்டவரின் முழுப்பெயர், அடையாள அட்டை எண், எத்தனை மணி, எந்த இடம், எத்தனை பேர் வந்தார்கள், என்ன மொழி பேசினார்கள், வாகன இலக்கம், யார் யார் கண்ணால் கண்டார்கள். அழைப்பு உங்களுக்கு வந்த நேரத்தையும் மேலே எழுதுங்கள். பிற்பாடு அது ஒரு சான்று.

பிறகு பிரியவேண்டும். ஒருவர் குடும்பத்தோடு பொலிஸ் நிலையத்துக்கு. ஒருவர் வீட்டிலிருந்தபடி தொலைபேசியில். பொலிஸ் நிலையத்தில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: கைதா, வாக்குமூலத்துக்கு அழைத்ததா? “சும்மா விசாரிச்சிட்டு விட்டுவிடுவம்” என்ற பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டாம். கைது என்றால் காரணம் சொல்லவேண்டும். அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தால், கைது செய்பவர் தன் பெயரையும் பதவியையும் சொல்லவேண்டும், உறவினருக்குக் கைதை எழுத்தில் தரவேண்டும் என்று ஜனாதிபதிப் பணிப்புரைகளும் இருக்கின்றன. எழுத்தில் தரமாட்டோம் என்றால், யார் தரமாட்டேன் என்றார், எத்தனை மணிக்கு என்றதை அவருக்கு முன்னாலேயே கொப்பியில் எழுதுங்கள். சத்தம் போடத் தேவையில்லை. பேனை எடுத்தாலே பல நேரம் குரல் மாறும்.

தொலைபேசியில் இருப்பவர் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற அவசர எண்ணுக்கு அழைக்கவேண்டும். 24 மணிநேரமும் இயங்கும் எண். அழைத்தால் மட்டும் போதாது. பேசியவரின் பெயரையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் வாங்குங்கள். அடுத்த நாள் காலை யாழ் பிராந்திய அலுவலகத்துக்கு எழுத்தில் போய்க் கொடுங்கள். ஆணைக்குழுவை உருவாக்கிய 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஆணைக்குழு எழுத்தில் அதிகாரம் கொடுத்த ஒருவர் எந்தப் பொலிஸ் நிலையத்துக்குள்ளும் தடுப்பு இடத்துக்குள்ளும் எந்த நேரமும் நுழையலாம் என்கிறது. உங்களுக்கும் எனக்கும் அந்த அதிகாரம் இல்லை. ஆகவே “முறைப்பாட்டைப் பதியுங்கோ” என்பதோடு நிற்காமல் “இப்ப ஒருவர் போய்ப் பார்க்கவேணும்” என்று கேளுங்கள். இரவோடு இரவாக ஒருவர் போய் எட்டிப்பார்த்த ஒரே காரணத்துக்காக அடி நின்ற சம்பவங்கள் எனக்குத் தெரியும்.

24 மணிநேரமா, 90 நாளா

சாதாரணக் கைது என்றால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி 24 மணிநேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுவரவேண்டும். அந்த 24ஐ எண்ணத் தொடங்குவது, ஆளைக் கொண்டுபோனதாக நீங்கள் குறித்த அந்த மணியிலிருந்து. பொலிஸ் புத்தகத்தில் கைதான நேரம் ஆறேழு மணிநேரம் பிந்தி இருப்பது புதினமில்லை. வீட்டில் கண்ட சாட்சியின் நேரமும் புத்தகத்து நேரமும் இடிக்கிறது என்பதைச் சட்டத்தரணி நீதவானிடம் சொல்ல உங்களுடைய கொப்பிதான் வேண்டும்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் கணக்கு வேறு. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் அது. பெயரில் இன்னும் தற்காலிகம் என்ற சொல் இருக்கிறது, 1982இலேயே அதை நிரந்தரமாக்கிவிட்டார்கள். இதன்கீழ் 72 மணிநேரம் வைத்திருக்கலாம். அதற்குள் அமைச்சரின் தடுப்புக் கட்டளை வந்துவிட்டால் மூன்று மூன்று மாதமாக நீட்டலாம். முன்பு மொத்தம் 18 மாதம், 2022ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு 12 மாதம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக எடுக்கலாம் என்பது இந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. அது வற்புறுத்தி வாங்கப்பட்டது என்று நிரூபிக்கும் பாரம் வாங்கியவரிடம் இல்லை, அடிவாங்கியவரிடம் இருக்கிறது.

எனவே இந்தச் சட்டத்தில் பிடித்தால் குழு செய்யவேண்டியது மூன்று. தடுப்புக் கட்டளையின் பிரதியைக் கேட்டு வாங்குவது. அதில் தடுத்துவைக்கும் இடம் எழுதியிருக்கும். 48 மணிநேரத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் பொலிஸ் அறிவித்ததா என்று ஆணைக்குழுவிடமே விசாரிப்பது. அறிவிக்காமல் விடுவது ஆணைக்குழுச் சட்டத்தின் அந்த 28ஆம் பிரிவின்படி குற்றம். மூன்றாவது, சட்டத்தரணி ஒருவர் உள்ளே போய்ப் பார்க்கும்வரை விடாமல் கடிதம் எழுதுவது. 2022 திருத்தம் சட்டத்தரணி போய்ப் பார்க்கவும், நீதவான் தடுப்பு இடத்தைப் பார்வையிடவும் வழி வைத்திருக்கிறது. கேட்காதவனுக்கு அது தானாக நடக்காது.

ஒப்பம் வைக்கும் இடம்

இதைத் தனியாகச் சொல்லவேண்டும். வடக்கில் தமிழும் நிர்வாக மொழி. முறைப்பாட்டையும் வாக்குமூலத்தையும் தமிழில் கொடுக்க உரிமை இருக்கிறது. நடப்பில், கேள்வி உடைந்த தமிழில் வரும், எழுத்து சிங்களத்தில் போகும், கடைசியில் “இதில சைன் வையுங்கோ” என்று தாள் மட்டும் திரும்பி வரும்.

விளங்காத தாளில் ஒப்பம் வைக்காதீர்கள் என்று சொல்வது சுலபம். உள்ளே இருக்கும் பெடியனுக்கு அது அவ்வளவு சுலபமில்லை. ஆகவே நாங்கள் ஊர்க் கூட்டங்களில் சொல்லிக்கொடுப்பது வேறு ஒன்று. வைக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், ஒப்பத்துக்குப் பக்கத்தில் தமிழில் சின்னதாக எழுது: “வாசித்து விளங்கப்படுத்தவில்லை.” திகதியும் போடு. தமிழ் வாசிக்கத் தெரியாதவர் அதை முகவரி என்று நினைத்து விட்டுவிடவும் கூடும். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் அதை வாசிக்கத்தான் செய்வார்.

பெரியாஸ்பத்திரி

அடித்திருந்தால், காயத்துக்குத்தான் முதல் அவசரம். கண்டல் நான்கைந்து நாளில் நிறம் மாறும், இரண்டு கிழமையில் போய்விடும். விடுதலையானதும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் எண்ணெய் பூசி, வெந்நீரில் குளிக்கவார்ப்பது எங்கள் தாய்மாரின் வழக்கம். அதைச் செய்யாதீர்கள் என்று சொல்லவே மனம் வராது. ஆனாலும் சொல்லவேண்டும்: நேராக ஆஸ்பத்திரிக்கு.

யாழ் போதனா வைத்தியசாலையிலோ பக்கத்து ஆதார வைத்தியசாலையிலோ அனுமதிக்கும்போது “என்ன நடந்தது?” என்று ஒருவர் கேட்டு எழுதுவார். அந்த ஒரு வரிதான் பல வழக்குகளின் முதுகெலும்பு. பயத்தில் “விழுந்திட்டன்” என்று சொன்னால் கட்டில் தலைமாட்டுப் பதிவில் அதுதான் ஏறும். பிற்பாடு எந்த நீதிமன்றத்திலும் அதை அழிக்கமுடியாது. யார் அடித்தது, எங்கே வைத்து, எதனால், எந்த நாள் என்று சொல்லவேண்டும். காயங்களைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்கவேண்டும். பொலிஸ் படிவம் வந்தால்தான் பார்ப்போம் என்றால், ஆஸ்பத்திரிப் பொலிஸ் காவலரணில் முறைப்பாடு கொடுத்துப் படிவத்தை எடுக்கலாம். நீதவான் முன் கொண்டுவரும் நாளில் சட்டத்தரணி மூலம் உத்தரவு கேட்பது இன்னும் உறுதி. ரிக்கற் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் அட்டையை உடனே இரண்டு பிரதி எடுங்கள்.

படம் எடுக்கும்போது ஒரு விசயம். காயத்தை மட்டும் கிட்டவாக எடுத்தால் அது யாருடைய கால் என்று சொல்ல முடியாது. முகமும் காயமும் சேர்ந்து ஒரு படம், பிறகு கிட்டவாக ஒன்று, பக்கத்தில் ஒரு அடிமட்டமோ ஐந்து ரூபாய்க் குற்றியோ வைத்து இன்னொன்று. வட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கும். எடுத்த தொலைபேசியிலேயே மூலப்படத்தை வைத்திருங்கள்.

காவலில் ஒருவர் இறந்துவிட்டால் நீதவான் மரண விசாரணை நடத்தவேண்டும். குடும்பத்துக்காகச் சட்டத்தரணி ஒருவர் முதல் நாளே நிற்கவேண்டும். 2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு கொக்குவில் குளப்பிட்டியில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தபோது முதலில் வந்த கதை மோட்டார் சைக்கிள் விபத்து. உடற்கூற்றுப் பரிசோதனையில்தான் துப்பாக்கிச் சூடு என்பது வெளியே வந்தது, பொலிஸார் கைதானார்கள். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸாரால் கைதான இளைஞர் இறந்தபோது, தனக்கு நடந்ததை அவரே வாயால் சொன்ன காணொளி இருந்தது. யாழ் சட்டத்தரணிகள் பலர் காசு வாங்காமல் எழுந்து நின்றார்கள். கேட்கவே கசப்பான ஒரு ஆலோசனையும் உண்டு: சைவக் குடும்பங்கள் தகனம்தான் செய்யும், ஆனால் இப்படியான சாவில் புதையுங்கள். மறுபரிசோதனை தேவைப்பட்டால் சாம்பலிலிருந்து ஒன்றும் எடுக்கமுடியாது. இதைச் செத்தவீட்டில் போய்ச் சொல்லும் வேலை எங்களுடைய ஐந்தாவது ஆளுக்கு.

வாக்குமூலம் எடுப்பது

ஒரு தடவை, மகனைக் கொண்டுபோன நேரத்தை ஒரு அம்மாவிடம் கேட்டேன். “இருட்டிப்போச்சு” என்றார். அதை எழுதி என்ன பயன்? எங்கள் ரீச்சர் என்னைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அக்கா, அப்ப நீங்கள் என்ன செய்துகொண்டு நிண்டனீங்கள்?”

“புட்டு அவிச்சுக்கொண்டு நிண்டனான். முதல் நீத்துப்பெட்டி இறக்கேல்லை.”

“ரீவி போட்டிருந்ததோ?”

“ஓம். ஏழு மணிச் செய்தி தொடங்கேல்லை. பிள்ளையார் கோயில் மணி அடிச்சுக் கொஞ்ச நேரம்.”

அடுத்த நாள் ரீச்சர் ஐயரிடம் போய்ச் சாயரட்சைப் பூசை மணி அடித்த நேரத்தைக் கேட்டார். ஆறேகால். ஆக, ஆறேகாலுக்கும் ஏழுக்கும் இடையில். ‘இருட்டிப்போச்சு’ முக்கால் மணிநேரமாகச் சுருங்கிவிட்டது. வாக்குமூலம் எடுப்பது என்றால் இதுதான். கேள்வியை அந்த ஆளின் நாளுக்குள்ளே கொண்டுபோய் வைக்கவேண்டும்.

ஒவ்வொரு வரிக்கும் மனதுக்குள் ஒரு கேள்வி கேளுங்கள்: இவர் கண்டதா, கேள்விப்பட்டதா? கேள்விப்பட்டது என்றால் யாரிடம்? கேள்விப்பட்டதை எழுதக்கூடாது என்று இல்லை. கேள்விப்பட்டது என்று எழுதவேண்டும். ஒருவர் பத்துப் பேர் வந்தார்கள் என்பார், பக்கத்து வீட்டார் நான்கு என்பார். இரண்டையும் அப்படியே வையுங்கள். சராசரி எடுத்து ஏழு என்று எழுதிய ஒரு குழுவை எனக்குத் தெரியும். குறுக்கு விசாரணையில் அந்த ஏழு என்ன பாடுபட்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கூட்டிச் சொன்னால் இரக்கம் வரும் என்று நினைக்கிறார்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு வேண்டியதே அந்த ஒரு மிகைதான்.

சித்திரவதை பற்றிப் பேசவைப்பது அவசரத்தில் முடியாது. உடுப்பைக் கழற்றவைத்த கதை மூன்றாம் சந்திப்பில்தான் வரும், அதுவும் அம்மா அறையில் இல்லாதபோது. பெண் என்றால் பெண்தான் எழுதவேண்டும். பொலிஸ் முன்னால் ஒரு தடவை, ஆணைக்குழுவில் ஒரு தடவை, பத்திரிகைக்கு ஒரு தடவை என்று ஒரே காயத்தை நாலு பேர் கிளறக்கூடாது. முழுமையாக ஒரு தடவை எழுதி, வாசித்துக்காட்டி, பக்கத்துக்குப் பக்கம் ஒப்பம் வாங்கி, மற்ற இடங்களுக்கு அதன் பிரதியைக் கொடுங்கள். நீதிமன்றத்துக்குப் போகும்போது சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசியாக மாற்றிக்கொள்ளலாம்.

எந்த வாசல்

மாவட்டச் செயலகத்தில் மகஜர் கொடுத்து ஒரு படம் எடுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது யாழ்ப்பாணத்துப் பழைய வியாதி. மகஜர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மகஜருக்குக் காலக்கெடு இல்லை, வழக்குக்கு இருக்கிறது.

அடிப்படை உரிமை மீறல் மனு நேராக நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகும், அதாவது கொழும்பு புதுக்கடைக்கு. அரசியலமைப்பின் 17ஆம், 126ஆம் உறுப்புரைகள். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். ஒரு மாதம்! யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் ஏறி, சட்டத்தரணியைப் பிடித்து, ஆவணங்களை மொழிபெயர்த்து முடிக்க அது எவ்வளவு குறுகிய காலம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் குழு ஆரம்ப காலத்தில் ஒரு பெடியனின் விசயத்தில், பொலிஸ் உள்ளக விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தது. விசாரணை முடியவில்லை, மாதம் முடிந்தது. அவன் இன்றைக்கும் என்னைக் கண்டால் சிரித்துப் பேசுவான். அதுதான் கஷ்டம். இப்போது கோப்பின் வெளி மட்டையில் சிவப்புப் பேனையால் முப்பதாவது நாளின் திகதியை எழுதுகிறோம்.

ஒரு வழி இருக்கிறது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்த ஒரு மாதத்தில் சேராது என்று ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் முறைப்பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு நீதிமன்றம் ஆதாரம் கேட்ட தீர்ப்புகள் இருக்கின்றன. ஆகவே ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும், அழைப்பாணையையும் கோப்பில் வையுங்கள். தடுப்பில் இருந்ததால் வரமுடியவில்லை என்பதை நீதிமன்றம் ஏற்றதும் உண்டு. அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

இந்த மனுவைப் பாதிக்கப்பட்டவரோ, அவருக்காகச் சட்டத்தரணியோதான் தாக்கல் செய்யலாம். குழு தன் பெயரில் போகமுடியாது. ஆள் இறந்துவிட்டால்? பயாகல பொலிஸாரின் சித்திரவதையால் இறந்த ஒருவரின் மனைவி தாக்கல் செய்த வழக்கில், குடும்பம் மனுவைக் கொண்டுபோகலாம் என்று உயர் நீதிமன்றம் ஏற்றது. உயிர்வாழும் உரிமை என்று அரசியலமைப்பில் தனி வரி இல்லாவிட்டாலும் அது உள்ளே இருக்கிறது என்று 2003இல் தீர்ப்பும் வந்தது. தெற்கில் ஒரு சிங்களப் பெண் போராடி வாங்கிய தீர்ப்பு அது. இன்று சாவகச்சேரியில் ஒரு தாய்க்கும் அதுதான் துணை. இரண்டு மாதத்தில் இந்த மனுக்களை முடிக்கவேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. நடப்பில் ஆண்டுகள் எடுக்கும். குடும்பத்திடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஆள் எங்கே என்றே தெரியவில்லை, அல்லது பிடித்தவர்கள் பிடிக்கவில்லை என்கிறார்கள் என்றால் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு. இதற்கு ஒரு மாதக் கெடு கிடையாது. மாகாணத்துக்குள் தடுத்துவைத்திருந்தால் யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யலாம், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தந்த அதிகாரம் அது. கொழும்பில் வைத்திருக்கிறார்கள் என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றம். 2009 மே மாதத்தில் முல்லைத்தீவில் சரணடைந்தவர்கள் தொடர்பாக வவுனியா மேல் நீதிமன்றத்தில் போன மனுவில், அவர்களை முன்னிலைப்படுத்துமாறு 2022 டிசம்பரில் இராணுவத்துக்கு உத்தரவு வந்தது. பதின்மூன்று ஆண்டுகள்.

சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கியது 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம். ஏழு வருடத்துக்குக் குறையாத, பத்து வருடத்துக்கு மேற்படாத சிறை. வழக்குத் தொடுப்பது சட்டமா அதிபர். குழு செய்யக்கூடியது, சாட்சியும் வைத்திய அறிக்கையும் அவர் மேசைக்குப் போயினவா என்று கடிதத்துக்கு மேல் கடிதம் போடுவது. பொலிஸுக்கு எதிரான முறைப்பாட்டைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள்.

தகவல் அறியும் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். குறித்த நாளில் கடமையில் இருந்தவர்கள் யார், விசாரணை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தமிழில் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாளில் முடிவு சொல்லவேண்டும். தரமுடியாது என்று எழுத்தில் வந்தால் அதுவும் ஒரு ஆவணம்தான்.

சாட்சியைக் காப்பாற்றுவது

முறைப்பாடு போன மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிள் ஒன்று ஒழுங்கையில் இரண்டு தரம் போய்வரும். “என்ன அம்மா, கேஸ் போட்டிருக்கிறீங்களாம்?” என்று யாரோ ஒருவர் சங்கக்கடையில் விசாரிப்பார். மிரட்டல் என்று சொல்லுமளவுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் மிரட்டல். இதையும் திகதி போட்டு எழுதுங்கள். சாட்சிகள் பாதுகாப்புக்கென்று 2015இல் வந்த சட்டத்தின் இடத்தில் இப்போது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சாட்சியை அச்சுறுத்துவது குற்றம், பாதுகாப்பும் கேட்கலாம். பாதுகாப்புக் கொடுப்பதும் பொலிஸ்தானே என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. நடைமுறையில் நாங்கள் செய்வது, கொஞ்சக் காலத்துக்குச் சாட்சியை வேறு ஊரில் உறவினர் வீட்டில் வைப்பதும், மிரட்டிய விபரத்தை அன்றே ஆணைக்குழுவுக்கும் சட்டத்தரணிக்கும் எழுதுவதும்.

முகநூலில் போடுவதா என்று பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் ஒரு எழுத்தும் போடாதீர்கள். வட்டுக்கோட்டைச் சம்பவத்தில் காணொளி உதவியது உண்மை. வேறு பல இடங்களில் அந்தப் பெடியனின் முகமும் ஊரும் அவனுக்கு வெளிநாட்டுக்குப் போகும்வரை கழுத்தில் தொங்கிய பலகையானது. வழக்கை நிறுத்துகிறேன் என்று குடும்பம் சொன்னால் நிறுத்தவேண்டும். நமக்குக் கோபம் வரும். அது நம்முடைய கோபம். இரவில் கதவு தட்டப்படுவது அவர்கள் வீட்டில்.

பிணை கிடைத்தால் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை பொலிஸில் போய் ஒப்பம் வைக்கும் நிபந்தனை வரும். முதல் சில வாரம் குழுவில் ஒருவர் கூடப் போங்கள். வாசலில் நின்றால் போதும்.

கோப்பு

மிருசுவிலில் 2000 டிசம்பர் 19ஆம் திகதி, இடம்பெயர்ந்திருந்து தங்கள் வீடுகளைப் பார்க்கவந்த எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு சிறு பிள்ளையும் அதில் இருந்தது. ஒருவர் தப்பி ஓடினார். அவர் சொன்னதைக் கொண்டுதான் இடம் தெரிந்தது, உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன, வழக்கு நின்றது. 2015 ஜூனில் இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதிப் பொதுமன்னிப்பில் அவர் வெளியே வந்தார். அன்றைக்கு எங்கள் குழுவில் ஒருவர் கொப்பியை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஒரு மாதம் வரவில்லை. பிறகு வந்தார். குற்றம் செய்தவர் யார் என்று ஒரு நீதிமன்றம் எழுதிய தீர்ப்பு இருக்கிறது, மன்னிப்பு அதை அழிக்கவில்லை என்று அவரிடம் சொன்னோம். அவர் அதை முழுக்க ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. எனக்கும் சில நாட்களில் அப்படித்தான்.

கோப்புகளை எறியாதீர்கள். 1996இல் நாவற்குழியில் இராணுவம் பிடித்துச் சென்று காணாமல்போன இளைஞர்களுக்காக 2017இல் யாழ் மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் போயின. இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு. செம்மணிப் புதைகுழிகளில் 1999இல் 15 உடல்கள் எடுக்கப்பட்டதோடு முடிந்தது என்றிருந்தவர்கள், 2025இல் அரியாலை சிந்துபாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தபோது, தம் பிள்ளை கடைசியாகப் போட்டிருந்த உடுப்பின் நிறத்தை எழுதிய தாளைத் தேடினார்கள். சிலரிடம் இருந்தது.

எங்கள் கோப்புகள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன, இன்னொரு பிரதி வேறு ஒரு வீட்டில். பதிவுத்தபால் பற்றுச்சீட்டின் மை இரண்டு வருடத்தில் மங்கிவிடும், அதனால் எல்லாவற்றையும் போட்டோக்கொப்பி எடுத்துவிடுவோம். கறையானுக்காகப் பெட்டியைச் செங்கல்லின் மேல் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு புரட்டாசியும், மழை பிடிக்கமுன், ரீச்சர் பெட்டியைத் திறந்து தாள்களைத் திண்ணையில் பரப்பிக் காயவிட்டு, ஒன்று இரண்டு என்று எண்ணித் திரும்ப வைப்பார். போன வருடம் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. அரை நாள் தேடிய பிறகு, அவருடைய கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே இருந்தது.